சுவரில் ஒரு கூட்டல் குறி

"அம்மா, முதல்ல கீழ எறங்குங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல. ஏணிய ஆட்டாத."

"நான் எங்க ஆட்டறேன்? நீங்கதான் ஆடறீங்க."

காவலாளி சொன்னது உண்மை. ஏணியின் மேல்படியில் நின்றவளுடைய முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. வெள்ளைக் காகித டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒரு துண்டை மேலே ஒட்டினாள். இன்னொரு துண்டைக் கீழே ஒட்டிக் கட்டை விரலால் தேய்த்தாள். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தாள்.

அது இயற்பியல் துறையின் புதுக் கருத்தரங்கக் கூடம். மறுநாள் காலை திறப்பு விழா. வாசல் சுவரில் பளபளவென்று பித்தளை எழுத்துகள். மேல் வரிசையில் பெரிய சாரின் பெயர், அதற்கு அவர் வாங்கிய பட்டங்களே வால். கீழ் வரிசையில் அவருடைய பெயரால் உலகம் அழைக்கும் சமன்பாடு. முதல் உறுப்பு, ஒரு கூட்டல் குறி, இரண்டாம் உறுப்பு. அந்தக் கூட்டல் குறியின் நெட்டுக்கோட்டைத்தான் அவள் டேப்பால் மறைத்திருந்தாள். இப்போது படுக்கைக்கோடு மட்டும் தெரிந்தது. இப்போது அது கழித்தல் குறி. இப்போது அது சரி.

"மேடம்!" துறைத்தலைவர் ஓடி வந்தார். அவளிடம் படித்தவர். அந்தக் காலத்தில் இவ்வளவு தொப்பை கிடையாது. "இந்த வயசுல ஏணியெல்லாம் ஏறிக்கிட்டு... என்ன மேடம் இது?"

"வயசப் பத்தி அப்புறம் பேசு. குறியப் பத்தி இப்ப பேசு. யாரு ப்ளஸ் போடச் சொன்னது?"

"முதல் பேப்பர்ல இருக்கற மாதிரியே வேணும்னு சாரோட வீட்டுல கேட்டாங்க மேடம். கூடம் கட்டினது அவங்க அறக்கட்டளை. ஒரு வரலாறுன்னு இருக்கில்ல?"

"முதல் பேப்பர் தப்பு. அது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

துறைத்தலைவர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி தன் செருப்பைப் பார்த்தார்.

"தெரியும் மேடம். ஆனா ஒரு சின்னக் கோடுதானே. அதுவும் கன்வென்ஷன் விஷயம். சில பேரு இப்பிடி எழுதுவாங்க, சில பேரு அப்பிடி..."

அவள் மடமடவென்று இறங்கினாள். ஏறும்போது இருந்த நடுக்கம் இறங்கும்போது இல்லை.

"ரோட்டுல இடப்பக்கம் போறதா வலப்பக்கம் போறதாங்கறது கன்வென்ஷன். முன்னாடி பாலம் இருக்கா இல்லியாங்கறது கன்வென்ஷன் இல்ல. இதக்கூடவா உனக்கு நான் சொல்லிக்குடுக்கல?"

"மேடம், நாளைக்கு விழா. இன்னிக்குப் போயி..."

அவர் தானே ஏணியில் ஏறி, நகத்தால் சுரண்டி டேப்பை உரித்தார். பித்தளையில் பசை பிசுபிசுத்தது. கைக்குட்டையால் துடைத்தார். காவலாளியிடம் ஏணியை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார். "மேடம் கேட்டாலும் குடுக்கக் கூடாது" என்றும் சொன்னார், மேடம் பக்கத்தில் நிற்கும்போதே.

ஒரு சின்னக் கோடு. அவளுடைய வாழ்க்கை முழுவதும் அந்தச் சின்னக் கோட்டின் மேல்தான் நின்றது.

அவள் அப்பா நில அளவைக்காரர், அம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவர். வீட்டில் ஒருவர் கோடு போடுவார், ஒருவர் கோடு இணைப்பார் என்று அவளே பின்னாளில் வகுப்பில் சொல்லிச் சிரிப்பாள். படிப்பு முடிந்து பெரிய சாரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது துறையில் வேறு பெண் இல்லை. மாடிப்படிக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். பாதி அறையை நகலெடுக்கும் இயந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. மை வாசனையில் தலை சுற்றும். வெளியூர் விருந்தாளி யாராவது வந்தால், "ஏம்மா, டீ சொல்லிடு" என்பார் பெரிய சார். அவளும் சொல்வாள். அந்த டீயில் அவளுக்கு ஒரு கிளாஸ் இருக்காது.

பெரிய சார் அப்போதே பேர் வாங்கியவர். பேரை வாங்கிக் கொடுத்தது ஒரு கேள்வி. காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலத்தில் கோடானுகோடி குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன. குளிரக் குளிர அவை பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல ஒரே பக்கம் பார்த்து வரிசையில் நிற்குமா, அல்லது எவ்வளவு குளிர்ந்தாலும் சந்தைக் கூட்டம்போலக் கலைந்தே கிடக்குமா? வரிசை நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார் பெரிய சார். கணக்கில் அவர் சேர்த்த இரண்டாம் உறுப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். முதல் உறுப்போடு அதைக் கூட்டினால் வரிசை நிற்கும். கழித்தால் நிற்காது. அவ்வளவுதான் விஷயம்.

எலெக்ட்ரான்களுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு எலெக்ட்ரான்கள் இடம் மாறினால் கணக்கில் ஒரு கழித்தல் குறி வந்து உட்காரும். அதனால் இயற்பியல்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கணக்குக்காகப் போடும் படத்தில் எலெக்ட்ரானின் கோடு சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டால் அது மூடிய வளையம். ஒவ்வொரு மூடிய வளையத்துக்கும் ஒரு மைனஸ். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விதி. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், பெரிய சார் சறுக்கியது அங்கேதான். அவருடைய படத்தில் கோடு எட்டுப் போட்டு, தன்னையே குறுக்கே தாண்டி, வேறு கோடுகளுக்குள் புகுந்து புறப்பட்டது. பார்த்தால் திறந்த கோடுபோல இருக்கும். எல்லாரும் பார்த்தார்கள், எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

அவள் பார்ப்பதை நம்பவில்லை. ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, படத்தில் ஒரு புள்ளியில் வைத்து, கையைத் தூக்காமல் கோட்டின் மேலேயே ஊர்ந்தாள். திருப்பத்தில் திரும்பினாள், குறுக்கே தாண்டினாள். புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்ந்தாள். நீலப் பென்சிலால் இன்னொரு தடவை ஊர்ந்தாள். அங்கேயே வந்து சேர்ந்தாள். வளையம் மூடியிருந்தது. ஒரு மைனஸ் விட்டுப்போயிருந்தது.

அதைச் சொல்லிவிட முடியுமா? குருவின் கணக்கில் தப்பு என்று சீடப்பிள்ளை சொன்னால், அதிலும் டீ சொல்லுகிற பிள்ளை சொன்னால்? இரண்டு வருடம் வேறு வழியில், படமே இல்லாமல், முழுக் கணக்கையும் அடியிலிருந்து போட்டாள். அதிலும் மைனஸ். பிறகுதான் பெரிய சாரின் அறைக்குப் போனாள்.

"வச்சுட்டுப் போ" என்றார்.

ஒரு வாரம் கழித்துத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "நீ கன்வென்ஷன மாத்தி எடுத்திருக்கேம்மா. அதான் குறி மாறுது. ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரியும். வாதாடினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தன் பெயரிலேயே, பென்சில் வழியையும் சேர்த்து, ஒரு சின்னக் கட்டுரை எழுதி, ஒரு சின்ன இதழுக்கு அனுப்பினாள். கடைசிப் பக்கங்களில் வந்தது. துறையில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பெரிய சாரின் அறைக்கு அவளை யாரும் கூப்பிடவுமில்லை. டீ சொல்ல வேறு ஆள் வந்தான்.

சில வருடங்களில் தூர தேசத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் நிஜமாகவே அப்படி ஒரு படலத்தைச் செய்து குளிரவைத்தார்கள். வரிசை நிற்கவில்லை. சந்தைக் கூட்டம்தான். இயற்கை அவள் பக்கம் நின்றது. பெரிய சார் உடனே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தம்முடைய திருத்தத்தின் குறி எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பொறுத்துக் கூட்டலாகவோ கழித்தலாகவோ அமையும் என்றும், சோதனை அதை அழகாக உறுதி செய்கிறது என்றும் எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் சோறாவது நிறைய வேண்டும். இவருக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. பாடப்புத்தகங்கள் குறியை மாற்றி அச்சடித்தன. பெயரை மாற்றவில்லை.

அதற்குப் பிறகும் அவள் அதே துறையில்தான் இருந்தாள். முதலாம் ஆண்டு வகுப்பு, தேர்வு மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம். மற்ற நேரத்தில் மெல்லிய படலங்கள். நல்ல கட்டுரைகள் எழுதினாள், படிக்க வேண்டியவர்கள் படித்தார்கள். மாணவர்கள் அவளுக்கு 'மைனஸ் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தப்புக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதால் வைத்த பெயர். வேறு காரணமும் இருக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு தடவை வெளிநாட்டில் படித்துத் திரும்பியவன் ஒருவன் அவளிடமே வந்து, "மேடம், அங்க பென்சில் ரூல்னு ஒண்ணு சொல்லித்தராங்க. கையெடுக்காம கோட்டு மேலயே போகணும். சூப்பர் ஐடியா" என்று பலகையில் வரைந்து காட்டினான். அவள் கடைசிவரை கேட்டாள். "படம் கொஞ்சம் பெருசா போடுப்பா, கடைசி பெஞ்சுக்குத் தெரியாது" என்றாள்.

அதையெல்லாம் பொறுத்தாள். பாடப்புத்தகம் பெயரைத்தான் தப்பாகப் போட்டது, குறியைச் சரியாகப் போட்டது. பெயர் போனால் போகிறது, கணக்கு நிற்கிறதே என்று ஒரு சமாதானம். இப்போது, ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கும்போது, பித்தளையில் வார்த்து, வாசலில் நிறுத்தி, அந்தச் சமாதானத்தையும் பிடுங்குகிறார்கள்.

மத்தியானம் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பல் மருத்துவர். தெருமுனையில் சின்ன கிளினிக்.

"ஏணிலயா ஏறின?" என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"எதுக்கு, ஏணியப் பிடிக்கவா?"

"எலும்பு டாக்டர்கிட்ட சொல்லி வைக்கத்தான்."

அவள் தட்டை நகர்த்தினாள். "சிரிப்பா இருக்கா உங்களுக்கு? அந்தக் கூடத்துக்குள்ள வர்ற ஒவ்வொரு புள்ளையும் அதப் பாத்துட்டுத்தான் உள்ள போகும். தப்பப் பாத்துட்டு. என் கண்ணு முன்னாடி."

கணவர் கொஞ்ச நேரம் மென்றார். "எங்க தொழில்ல இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் கெடையாது. சொத்தையா, புடுங்கு. கட்டறதப் பத்தி அப்புறம் யோசி."

அவள் எழுந்து கை கழுவினாள். புடவை மாற்றிக்கொண்டு பெரிய சாரின் வீட்டுக்குப் புறப்பட்டாள். துறைத்தலைவர் யாருக்கும் பயப்படாவிட்டாலும் அவருக்குப் பயப்படுவார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் குறி மாறிவிடும்.

பெரிய சார் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. மூளை அப்படியே இருந்தது. மகள், மறுநாள் விழாவுக்கு அவர் போடப்போகும் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"நான்தான் சார்."

"மைனஸா? வா வா. உக்காரு." அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. "காபி சொல்லட்டுமா?"

"வேணாம் சார். சுவத்துல ப்ளஸ் போட்டிருக்காங்க."

அவர் சிரித்தார். "முதல் பேப்பர்லேர்ந்து எடுத்திருப்பாங்க. அதுதான் பாக்க அழகா இருக்கும்."

"தப்பு சார்."

"தெரியும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இஸ்திரிப் பெட்டி நின்றுபோயிற்று. மகள் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எப்பலேர்ந்து சார் தெரியும்?"

"நீ கொண்டுவந்து வச்சுட்டுப் போனியே, அன்னிக்கே. நானும் ஒரு பென்சில வச்சு சுத்திப் பாத்தேன். வளையம் மூடிச்சு." அவர் காற்றில் விரலால் ஒரு எட்டுப் போட்டுக் காட்டினார். விரல் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. "நல்ல வேலைம்மா அது. அன்னிக்கே நெனச்சேன்."

இத்தனை வருடமும் அவள் இவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தாள். தப்பை உண்மை என்று நம்பி, நம்பியதை விடாமல் பிடித்துக்கொண்டவர் என்று. இந்தத் தொழிலில் அப்படி ஆட்கள் உண்டு, அதில் ஒரு கௌரவமும் உண்டு. அந்தக் கௌரவத்துக்காகத்தான் அவரைப் பார்த்தால் எழுந்து நின்றாள்.

"நெனச்சீங்க. சொல்லலியே சார்."

"அப்ப என்னய ஒரு பெரிய பொறுப்புல உக்கார வைக்கப் போற நேரம். தப்புன்னு ஒத்துக்கிட்டா துறையே சாஞ்சிருக்கும். துறை சாஞ்சா நீ எங்க இருந்திருப்ப?" அவர் குரலில் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை. கணக்கை விளக்குகிற குரல். "உனக்கு என்னம்மா கொறஞ்சுபோச்சு? வேல கெடச்சுது. உன் கணக்கு ஜெயிச்சுது. இயற்கையே உன் பக்கம் இருக்கு. அதுக்கு மேல ஒரு பிசிசிஸ்டுக்கு என்ன வேணும்?"

"மாடிப்படிக்கு மேல ஒரு ரூம் வேணும் சார்" என்றாள். "மூணு கிளாஸ் டீ வந்தா அதுல ஒண்ணு வேணும். நான் சரியாச் சொன்னேன்னு நீங்க ஒரு வரி எழுதியிருக்கணும். இயற்கை எங்கயும் போயி சாட்சி சொல்லாது. நீங்க சொல்லியிருக்கணும்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. துறைத்தலைவருக்கு ஒரு போன் பண்ணுங்க. குறிய மாத்தச் சொல்லுங்க. யாரு கண்டுபிடிச்சான்னு சொல்ல வேணாம். குறி மட்டும்."

"நாளைக்கு ஒரு நாள் விட்டுடும்மா" என்றார் பெரிய சார். "பேரப்புள்ளைங்கல்லாம் வந்திருக்கு. போட்டோ எடுப்பாங்க. அப்புறமா என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க."

அவள் எழுந்தாள். "தெரியாமத் தப்புப் பண்ணீங்கன்னு நெனச்சுத்தான் சார் இத்தன வருஷம் உங்களுக்கு வணக்கம் சொன்னேன்" என்றாள். வணக்கம் சொல்லாமல் வெளியே வந்தாள்.

வெயில் தாழும்போது மறுபடியும் கூடத்து வாசலில் நின்றாள். உள்ளே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முடித்திருந்தார்கள்.

"ஏணி கெடையாதும்மா" என்றார் காவலாளி, அவள் கேட்கும் முன்பே. "சாவி சார்கிட்ட."

"ஏணி யாரு கேட்டா?"

வரவேற்புக்குப் போட்டிருந்த மேஜையைப் பிடித்து இழுத்தாள். தரையில் கிறீச்சிட்டது. சுவரோரம் தள்ளினாள். அதன் மேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"ஐயையோ, விழுந்தீங்கன்னா என் வேல போயிடும்."

"அப்ப விழாமப் பிடிச்சுக்கோ."

காவலாளி நாற்காலியின் இரண்டு கால்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே திட்டினார். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, இதே மாதிரி. சொன்னா கேக்காது. பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் பரண் மேல ஏறும். என்னம்மா பண்றீங்க மேல? மறுபடி டேப்பா?"

டேப் இல்லை. அவள் கூட்டல் குறியின் இரண்டு கைகளையும் பிடித்தாள். காலையில் ஒட்டும்போதே அது லேசாக ஆடியதைக் கவனித்திருந்தாள். சொத்தைப் பல் போல முன்னும் பின்னும் அசைத்தாள். சுவரிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்து காவலாளியின் தலையில் விழுந்தது. ஒரு இழுப்பு. பின்னால் இரண்டு ஆணிகளோடு குறி கையில் வந்துவிட்டது. நினைத்ததைவிடக் கனம்.

இரண்டு உறுப்புகளுக்கும் நடுவே இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"அப்ப அந்த எடத்துல என்ன போடறது?" என்றார் காவலாளி, கீழிருந்து அண்ணாந்து. "மைனஸா? டேப்ப வெச்சு ஒரு கோடு ஒட்டிடுங்களேன், ஏறினது ஏறிட்டீங்க."

"போடறது என் வேல இல்ல" என்றாள். "நான் எப்பவோ போட்டாச்சு. இனிமே அவங்க போடட்டும்."

இறங்கி, மேஜையையும் நாற்காலியையும் இருந்த இடத்தில் வைத்தாள். பித்தளைக் குறியைக் கைப்பையில் திணித்தாள். ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இதத் திருட்டுன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். திருட்டப் பத்தி அவங்களே பேச்சு ஆரம்பிக்கட்டும்."

மறுநாள் காலை விழா நடந்தது. அவள் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பெரிய சாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாடா வெட்டினார்கள். சுவருக்கு முன்னால் பேரப்பிள்ளைகள், பேராசிரியர்கள், விருந்தினர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சமன்பாட்டின் நடுவே காலியாக இருந்ததை யாரும் கேட்கவில்லை. துறைத்தலைவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்தில் அவளைத் தேடினார். அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டாள். பெரிய சாரின் வாழ்க்கைக் குறிப்பைத் துறைத்தலைவர் வாசித்தார். அதில் 'மாணவர்கள் பலர் துணை நின்றனர்' என்று ஒரு வரி இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். டீ வந்தது. அவள் ஒரு கிளாஸ் எடுத்துக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் எழுத்துப் பொருத்துகிறவர் வந்தார். புதிதாகக் கூட்டல் குறி வார்க்க ஒரு வாரம் ஆகும் என்றார். டெலிபோன் எண்களுக்கு நடுவே போடுகிற சின்னப் படுக்கைக்கோடு கையில் இருக்கிறது, அது போதுமா என்று கேட்டார். விழாதான் முடிந்துவிட்டதே, அதையே போடுங்கள் என்றார் துறைத்தலைவர். வந்தவர் அதைப் பொருத்திவிட்டுப் போனார்.

காவலாளி போன் செய்து அவளிடம் சொன்னார்.

"நேரா இருக்கா?" என்று கேட்டாள்.

"எடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்மா."

"சரி" என்று வைத்துவிட்டாள். பித்தளைக் கூட்டல் குறி சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. கிளினிக் வாசலில் மாட்டலாமா என்று கணவர் கேட்டிருந்தார். அவள் வேண்டாம் என்றதால், காகிதங்கள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் வைத்திருந்தார். சாயங்காலம் அவள் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள்.